மண்பாதையில் மின்சார பைக்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சை நம்பர் பிளேட்டோடு, சேறு அப்பிய பைக்கை டீக்கடை முன்னால் நிறுத்தினால் கேள்வி வராமல் இருக்காது. பென்னாகரமோ தேன்கனிக்கோட்டையோ, எங்கே நின்றாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, தெரிந்ததைப் பதிலாக வைத்திருக்கிறேன். மேலிருந்து படித்தால் நல்லது, பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

எலக்ட்ரிக் பைக்குல மண் ரோட்டுல போக முடியுமாங்கண்ணா, இல்ல டவுனுக்குள்ள மட்டும்தானா?

போகலாம், நன்றாகவே போகலாம். மண்பாதைக்குத் தேவையான முதல் விஷயம் மெதுவாகப் போகும்போது கிடைக்கும் இழுவை. பெட்ரோல் வண்டியில் அதற்கு ஆர்.பி.எம் ஏற வேண்டும், கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு தடவ வேண்டும். மோட்டாருக்கு அந்தப் பாடு இல்லை, சக்கரம் நின்ற நிலையிலேயே முழு இழுவையும் கையில் இருக்கும். மேட்டில் நடுவழியில் வண்டி ஆஃப் ஆகிப் பின்னால் உருளுகிற பயமும் கிடையாது.

சிக்கல் எல்லாம் தூரத்தில்தான் இருக்கிறது. எவ்வளவு தூரம் போகலாம் என்று யோசிப்பதைவிட எங்கிருந்து எப்படித் திரும்பி வருவோம் என்று யோசித்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு இந்த வண்டி பொருந்தும். நினைத்த பக்கம் திருப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பேன் என்கிறவருக்கு இப்போதைக்குப் பெட்ரோல்தான் சரி.

ஓலா, ஏதர் எல்லாம் நம்ம ஜில்லாவுலயேதான செய்யறாங்க? அந்த ஸ்கூட்டரே போதாதா?

உண்மைதான், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா, ஓசூரில் ஏதரும் டிவிஎஸ்ஸும், சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. நாட்டின் மின்சார இருசக்கர வண்டிகளில் பெரும்பங்கு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துதான் கிளம்புகிறது. ஆனால் ஸ்கூட்டர் ஸ்கூட்டர்தான். 12 அங்குலச் சக்கரம் முழங்கால் உயரக் கல்லில் ஏறாது, ஒரு சாண் பள்ளத்தில் இறங்கினால் அடிப்பகுதி தட்டும், பேட்டரி இருப்பதும் அங்கேதான்.

தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதை, ஏரிக்கரை, கிராவல் போட்ட பஞ்சாயத்து ரோடு, இதுவரைக்கும் ஸ்கூட்டர் தாராளமாகப் போதும். பால் கேனோடு தினமும் அப்படித்தான் நிறையப் பேர் போகிறார்கள். அதைத் தாண்டி ஓடைக்கல், கரடு, ஆற்றுமணல் என்றால் 17 அங்குலத்துக்குக் குறையாத சக்கரமும் நீளமான சஸ்பென்ஷனும் உள்ள பைக் வேண்டும்.

அப்போ எந்த வண்டிதான் வாங்கறது? பேரைச் சொல்லுங்க ப்ரோ.

பெயரைவிட வகையைப் புரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள். ரிவோல்ட் ஆர்வி400, ஓபன் ரோர், மேட்டர் ஏரா, அல்ட்ராவயலெட் எஃப்77 எல்லாம் ரோட்டு பைக்குகள். பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒழுங்காக நடக்கும், நல்ல டயர் போட்டு அடியில் தகடு மாட்டினால் மண்பாதைக்கு வரும், ஆனால் குதிக்கப் பிறந்தவை அல்ல. எஃப்77-இன் பெரிய பேட்டரி 10.3 யூனிட், தூரத்துக்கு அருமை, ஆனால் வண்டி எடை சுமார் 200 கிலோ. ஓடைக்குள் சாய்ந்தால் தனி ஆளாகத் தூக்கிப் பாருங்கள், புரியும்.

இன்னொரு வகை அசல் டர்ட் பைக். சீனாவின் சர்ரான் லைட் பீ ஐம்பது சொச்சம் கிலோதான், ஸ்பெயினின் ஸ்டார்க் வார்க் 80 குதிரைத்திறன் வரை தரும் போட்டி வண்டி. அமெரிக்காவின் ஜீரோ கம்பெனியும் மண்ணுக்கென்று தனி மாடல்கள் செய்கிறது. ஆசை வரத்தான் செய்யும், ஆனால் அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு ஆசைப்படுங்கள்.

வாங்கும்போது நான் பார்ப்பது: மோட்டார் பின்சக்கரத்துக்குள் இருக்கிறதா, ஃபிரேமில் நடுவில் இருக்கிறதா. சக்கரத்துக்குள் இருந்தால் அந்த எடை முழுவதும் ஒவ்வொரு கல்லிலும் அடி வாங்கும், ஏற்றத்தில் சூடும் சீக்கிரம் ஏறும். நடுவில் இருப்பதே மேல். அதுவும் பெல்ட்டைவிடச் செயின் நல்லது, பெல்ட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு கல் மாட்டினால் பெல்ட் அவ்வளவுதான், செயின் அறுந்தால் லிங்க் போட்டு ஓட்டிவிடலாம்.

சர்ரான் மாதிரி ஒண்ணை இறக்கி நம்பர் இல்லாம ஓட்டலாமா? 250 வாட்ஸ்னா லைசென்ஸே வேண்டாம்னு சொல்றாங்களே.

அந்த விலக்கு 250 வாட்டுக்கு மேல் போகாத, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டிக்கு. சர்ரானின் மோட்டார் அதைவிடப் பல மடங்கு. விற்பவர் பில்லில் 250 என்று எழுதிக்கொடுத்தாலும் வண்டி பொய் சொல்லாது, ஒரு தடவை முறுக்கிக் காட்டினால் போலீஸ்காரருக்கே தெரிந்துவிடும். இந்தியாவில் வகை ஒப்புதல் (அந்த மாடலைச் சோதித்துப் பார்த்துத் தரும் அனுமதி) வாங்காத வண்டியை ஆர்டிஓவில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓர் ஆளை இடித்தால் தோட்டத்தை விற்றுத்தான் கட்ட வேண்டும்.

சொந்தப் பட்டா நிலத்துக்குள், வேலிக்குள் ஓட்டுவது வேறு விஷயம். அங்கே போகக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டும். (யானை பற்றிய பதில் கீழே வருகிறது, அது வேறு யானை.) நடுவில் ஒரே ஒரு பஞ்சாயத்து ரோட்டைக் கடந்தாலும் அது பொதுச்சாலைதான்.

ஒரு சார்ஜ்ல எவ்ளோ தூரம் போகும்? கம்பெனிக்காரன் சொல்றது நிஜமா?

கம்பெனி சொல்வது சோதனைக்கூடத்து எண். ரோட்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு வரும், மண்பாதையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் 75. இது என் கைக்கணக்கு, உங்கள் எடைக்கும் பாதைக்கும் தகுந்தபடி கூடும் குறையும்.

எப்படி என்று கொஞ்சம் பார்ப்போம். பேட்டரி அளவைச் சொல்லும் கிலோவாட் மணியும், வீட்டு மீட்டரில் ஓடும் யூனிட்டும் ஒன்றே. 4 யூனிட் பேட்டரி உள்ள பைக், தார்ரோட்டில் 50 வேகத்தில் சீராகப் போனால் கிலோமீட்டருக்கு 30 முதல் 35 வாட் மணி குடிக்கும், அதாவது 115 முதல் 130 கிலோமீட்டர். அதே வண்டி புழுதியிலும் உருட்டுக்கல்லிலும் 50, 60 வாட் மணிக்கு ஏறிவிடும். ஆற்றுமணல் இன்னும் மோசம், டயர் புதையப் புதைய மணலைத் தள்ளுவதற்கே சார்ஜ் போகும். அப்புறம் கடைசி 20 சதவீதத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, நிறைய வண்டிகள் அந்த இடத்தில் சக்தியைக் குறைத்துவிடும், சரியாக ஊர் எல்லை மேட்டில்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிஜமான கரட்டுப்பாதையில் யாரும் 75 கிலோமீட்டர் போவதில்லை, 25 போவதற்கே அரை நாள் ஆகிவிடும், கை மணிக்கட்டு முதலில் தீர்ந்துபோகும். வீட்டில் இருந்து அந்தப் பாதை தொடங்கும் இடம் வரைக்குமான தார்ரோடுதான் சார்ஜை அதிகம் தின்கிறது. அதனால் தார்ரோட்டில் 80இல் பறக்காமல் 45, 50இல் போங்கள், காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது.

மலை ஏறுனா பாதி சார்ஜ் காலியாமே? இறங்கும்போது திரும்ப ஏறிக்குமா?

இரண்டுமே மிகைப்படுத்திய பேச்சு. வண்டி, ஆள், பை எல்லாம் சேர்த்து 250 கிலோ, ஏறுவது 600 மீட்டர் உயரம் என்று வையுங்கள், வத்தல்மலையோ சித்தேரியோ ஏறுவது ஏறக்குறைய இந்தக் கணக்குக்குள் வரும். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க 0.41 யூனிட் போதும், மோட்டாரில் வீணாவதைச் சேர்த்தால் அரை யூனிட். 4 யூனிட் பேட்டரியில் எட்டில் ஒரு பங்கு. பாதை தேய்த்துத் தின்பது இதற்கு மேல் தனியாக உண்டு.

இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி கொஞ்சம் திரும்பத் தரும், ஏறச் செலவானதில் கால் பங்கோ மூன்றில் ஒன்றோ வந்தால் சந்தோஷப்படலாம். சாய்வு, வேகம், வண்டி எல்லாவற்றையும் பொறுத்தது. கல்பாதையில் அதுவும் வராது, பிரேக்கிலேயே எல்லாம் போய்விடும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலை மேல் ஊரில் இரவு தங்கி 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்கத் தொடங்கினால், நிரம்பிய பேட்டரியில் திரும்ப ஏற்ற இடமே இருக்காது. மோட்டார் பிடிக்கிற பிடி அப்போது குறைந்துவிடும், சில வண்டிகளில் முற்றிலும் இருக்காது. முதல் நாள் பழகிய பிடிப்பை நம்பிக் கொண்டை ஊசி வளைவில் இறங்கினால் பகீர் என்று இருக்கும். மேலே 85, 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிளட்ச் இல்லாம, கியர் இல்லாம கரட்டுல எப்படிங்க கன்ட்ரோல் பண்றது?

நாற்பது வயதுக்கு மேற்பட்ட பழைய ஆட்கள்தான் இதைக் கேட்கிறார்கள், நியாயமான சந்தேகம். கிளட்ச் செய்த வேலை முழுக்க வலது மணிக்கட்டுக்கு வந்துவிடுகிறது. முழு இழுவையும் உடனே வருவதால் சரளைக்கல்லில் கொஞ்சம் அதிகம் முறுக்கினாலும் பின்சக்கரம் சுற்றிப் பள்ளம் தோண்டிவிடும். வண்டியில் இருக்கும் மோடுகளில் மிகக் குறைந்ததில் போட்டுத் தொடங்குங்கள், பழகிய பிறகு ஏற்றலாம். மேட்டில் நின்றுவிட்டால் பின்பிரேக்கைப் பிடித்தபடி முறுக்கி, வண்டி இழுப்பது தெரிந்ததும் பிரேக்கை விடுவது. (மேட்டர் ஏராவில் மட்டும் நாலு கியர் உண்டு, கியர் இல்லாமல் தூக்கம் வராது என்பவர்களுக்கு.)

ரொம்ப முக்கியமானது, விழுந்த பிறகு. வண்டி சாய்ந்து கிடக்கும்போது சத்தம் இல்லாததால் ஆஃப் என்று நினைத்து வலது கைப்பிடியைப் பற்றித் தூக்குவார்கள், அதுதான் ஆக்சிலரேட்டர், வண்டி உயிரோடு இருந்தால் ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். சாய்ந்தால் தானே அணையும் வசதி பல வண்டிகளில் உண்டு, ஆனாலும் முதலில் சிவப்பு சுவிட்ச், அப்புறம்தான் தூக்குவது. கூட வருகிற பையன்களுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் உதவிக்கு ஓடிவருகிறவர்தான் அந்தக் கைப்பிடியைப் பிடிப்பார்.

ஓசூர்ல இருந்து அஞ்செட்டி வழியா ஒகேனக்கல் போய்ட்டு ஒரே நாள்ல திரும்பலாமா?

4 யூனிட் வண்டியில் போகலாம், அன்றே திரும்ப முடியாது. ஒரு பக்கம் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர். ஓசூர் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டரில் இருக்கிறது, ஒகேனக்கல் 250 மீட்டர் அளவில். போகும்போது மொத்தத்தில் இறக்கம், அதனால் மீட்டரைப் பார்த்துவிட்டு "அட, இன்னும் 40 சதவீதம் இருக்கே" என்று தெம்பாக இருக்கும். திரும்பும்போது மேலே சொன்ன அரை யூனிட் கூடுதலாகப் பிடிக்கும். 10 யூனிட் வண்டி என்றால் இரண்டு பக்கமும் கை கடிக்காது.

ஒகேனக்கல்லில் இரவு தங்கும் அறை எடுக்கும்போதே பிளக் பாயின்ட் வண்டி நிற்கிற இடத்துக்கு எட்டுமா என்று கேட்டுவிடுங்கள். மறுநாள் பென்னாகரம் வழியாகத் தர்மபுரி வந்து அங்கிருந்து நாலுவழிச்சாலை பிடிப்பது பாதுகாப்பான திரும்பும் வழி. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் ரோடு காட்டுக்குள் போகிறது, தார்ரோட்டை விட்டு இறங்காதீர்கள். ராசிமணல் பக்கம் ஆற்றங்கரைக்கு ஒரு பாதை இருப்பதாக யாராவது ஆசை காட்டுவார்கள், அது எந்த வகை நிலம் என்பது கீழே காட்டைப் பற்றிய பதிலில் இருக்கிறது.

வழியில சார்ஜ் எங்கண்ணா போடறது? மலைல ஸ்டேஷன் ஏதாவது இருக்கா?

வேகமான சார்ஜர்கள் பெரும்பாலும் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி நெடுஞ்சாலையை ஒட்டித்தான். அங்கேயும் ஒரு கம்பெனி சார்ஜர் வாய் இன்னொரு கம்பெனி வண்டிக்குப் பல நேரம் சேராது, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையின் ராப்டீ வண்டி காருக்கான சார்ஜர் வாயையே எடுத்துக்கொள்ளும். மலைக்குள் நம் ஸ்டேஷன் என்பது ஒரு பெட்டிக்கடையின் பிளக் பாயின்ட்தான்.

சாதாரணச் சின்ன பிளக் 5 ஆம்பியர், ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது. கையோடு கொண்டுபோகும் சார்ஜர் 750 வாட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மண்பாதையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிடைக்கும். மதியச் சாப்பாடு, ஒரு தூக்கம், அதற்குள் 30 கிலோமீட்டர் வந்துவிடும். ஃபிரிட்ஜ், கிரைண்டர் ஓடும் பெரிய பிளக் இருக்கிற வீட்டைக் கேளுங்கள். மூன்று கோர், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒன்று பையில் இருக்கட்டும், சுருளை முழுதாகப் பிரித்துப் போட வேண்டும், சுருட்டியபடி மணிக்கணக்கில் ஓடினால் உருகும்.

மலை ஊர்களில் சாயங்காலம் வோல்டேஜ் படுத்துவிடும். சார்ஜர் மேலேயே எத்தனை வோல்ட்டில் இருந்து வேலை செய்யும் என்று அச்சடித்திருப்பார்கள், 170, 180இல் தொடங்குவதாக இருந்தால் ஓரளவுக்குச் சமாளிக்கும், 200 என்றால் இரவு பத்து மணிக்கு மேல்தான் ஏறும். எர்த் இல்லாத பிளக்கில் போடும்போது வண்டியைத் தொட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அப்புறம் காசு: வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், குழந்தை கையிலாவது ஐம்பதோ நூறோ கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட்தான் இலவசம் என்று ஒரு அளவு உண்டு, நீங்கள் ஒரு ராத்திரியில் அதில் நாலைந்தை எடுத்துவிடுகிறீர்கள்.

தோட்டத்து மோட்டார் லைன் ஃப்ரீ கரண்ட்தான, அதுல போட்டா என்ன?

வேண்டாம். விவசாய இணைப்பு பம்ப்செட்டுக்கு மட்டும் என்று கொடுத்தது, வேறு வேலைக்கு எடுத்தால் மின்சாரச் சட்டம் 2003இன்படி அது முறைகேடான பயன்பாடு. பறக்கும் படை வந்தால் அபராதம் கட்டப்போவது நீங்கள் இல்லை, இடம் கொடுத்த விவசாயி. அதுவும் தவிர அங்கே வருவது மும்முனை, ஸ்டார்ட்டர் பெட்டியில் இருந்து யாரோ ஒயர் சொருகிக் கொடுப்பதில் உங்கள் சார்ஜர் புகைந்தாலும் கேட்க நாதி இல்லை.

ஆத்துல இறங்கலாமா? தண்ணி போனா ஷாக் அடிக்காதா?

ஷாக் பயம் வேண்டாம், பேட்டரியும் ஒயரும் வண்டியின் உடம்போடு தொடர்பில்லாமல் தனித்து மூடியிருக்கின்றன. தூசி, தண்ணீர் புகாமல் தாங்கும் தரத்தைச் சொல்லும் எண்ணில் ஐபி67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். ஆனால் அது நின்ற தண்ணீரில், புது வண்டியில் செய்த சோதனை. இரண்டு வருஷம் கல்லில் குலுங்கிய ரப்பர் சீலுக்கு அந்த உத்தரவாதம் பொருந்தாது. புகைப்போக்கி, ஏர் ஃபில்டர் இல்லாததால் இன்ஜினுக்குள் தண்ணீர் இழுக்கும் தொல்லை மட்டும் நிஜமாகவே கிடையாது.

ஓடை கடக்கும் முன் ஐந்து, பத்து நிமிஷம் நின்று மோட்டாரை ஆறவிடுங்கள். கொதித்துக்கொண்டிருக்கும் மோட்டார் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். சின்னாறு மாதிரி ஆறுகளில் மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும், முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் எந்த வண்டியும் இறங்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் அடித்துக் கழுவுவதுதான் ஆற்றைவிட ஆபத்து, அந்த அழுத்தம் கனெக்டருக்குள்ளே நேராகப் போகும். குழாய்த் தண்ணீர், துணி, போதும்.

நம்மூர் வெயிலுக்கு பேட்டரி வெடிச்சிடாதா?

ஏப்ரல், மே மாதம் 38, 40 டிகிரி போகிறதுதான். வெறும் வெயிலுக்கு வெடிக்காது. வெயிலில் நடப்பது வேறு: பத்துப் பதினைந்து வேகத்தில் நீளமான ஏற்றம் ஏறும்போது மோட்டார் நிறைய கரண்ட் இழுக்கும், ஆற்றுவதற்குக் காற்று வராது, சூடு ஏறியதும் வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சக்தியைக் குறைக்கும். பழுது என்று பதற வேண்டாம், புளியமரத்தடியில் இருபது நிமிஷம் நிறுத்தினால் சரியாகிவிடும். சூடான பேட்டரியில் உடனே சார்ஜ் போடாமல், தொட்டுப் பார்த்து ஆறிய பிறகு போடுங்கள், ஆயுள் கூடும்.

தீப்பிடிப்பதற்கான காரணங்களில் அடிபட்ட பேட்டரி ஒன்று. கல்லில் மோதிப் பெட்டி நசுங்கியிருந்தாலோ, இனிப்பான கெமிக்கல் வாடை வந்தாலோ சார்ஜ் போடக்கூடாது, வீட்டுக்குள் நிறுத்தக்கூடாது. அதனால்தான் அடித்தகடு முதல் செலவாக இருக்க வேண்டும், மூன்று நாலு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை லேத் பட்டறையில் வளைத்து மாட்டிக்கொள்ளலாம், காற்று போகும் துளைகளை மட்டும் மறைக்காமல். 2022 டிசம்பரில் தொடங்கி ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு வந்தன, பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதற்கு முந்தியதா என்று பாருங்கள், முந்தியது என்றால் யோசித்து வாங்குங்கள்.

புகை இல்ல, சத்தம் இல்ல, அப்போ காட்டுக்குள்ள விடுவாங்கதானே?

விடமாட்டார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே தமிழ்நாடு வனச்சட்டம் 1882இன் கீழ் குற்றம், சரணாலயத்துக்கு மேலே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கிறது. பெட்ரோலா மின்சாரமா என்று இரண்டுமே கேட்பதில்லை. 2014இல் காவிரி வடக்குச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவித்தார்கள், தெற்கு மட்டுமே 686 சதுர கிலோமீட்டர். அஞ்செட்டி, உரிகம், ஒகேனக்கல் சுற்றி இருக்கும் காட்டில் பெரும்பகுதி இவற்றுக்குள் வந்துவிடுகிறது. சத்தமில்லாத வண்டி என்றால் வேட்டைக்கு வந்தவனோ என்ற சந்தேகம்தான் கூடுதலாக வரும்.

பிறகு எங்கே ஓட்டுவது? இடம் நிறைய இருக்கிறது. ஊருக்கு ஊர் போகிற வண்டிப்பாதைகள், அரூர், மொரப்பூர், ஊத்தங்கரைப் பக்கத்து ஏரிக்கரைகள், வறண்ட காலத்து ஓடைகள், சொந்தக்காரரைக் கேட்டுக்கொண்டு மாந்தோப்புகள். சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம் மாதிரி மலைகளில் ஊர்களை இணைக்கும் பொதுப்பாதைகள். கைவிட்ட கிரானைட் குவாரிகள் பார்க்க ஆசையாக இருக்கும், அங்கே மட்டும் போகாதீர்கள், விளிம்பு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது, கீழே நூறடித் தண்ணீர்.

யானை வந்தா என்ன செய்யறது? சத்தம் இல்லாத வண்டி நல்லதுதானே?

இங்கேதான் எல்லோரும் தலைகீழாக நினைக்கிறார்கள். பெட்ரோல் வண்டி வருவது யானைக்கு முன்பே கேட்டுவிடும், பெரும்பாலும் அது ஒதுங்கிக்கொள்ளும், அல்லது எங்கே நிற்பது என்று முடிவு செய்துகொள்ளும். மின்சார பைக்கில் நீங்கள் வளைவைத் திரும்பும்போதுதான் அதற்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். திடுக்கிட்ட யானையைவிட ஆபத்தான யானை கிடையாது, குட்டியோடு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

அக்டோபர் வாக்கில் கர்நாடகத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை, ஓசூர்க் காடுகளுக்கு இறங்கும், ராகி அறுவடை முடியும் வரை சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் காட்டோரப் பாதையில் காலை ஏழுக்கு முன்னும் சாயங்காலம் ஐந்துக்குப் பின்னும் வேண்டாம். வளைவு தெரியாத இடத்தில் நடை வேகம். கிளம்பும் முன் ஊர்க்காரரிடம் "ஆனை எங்க நிக்குது" என்று கேளுங்கள், அவர்களுக்கு நேற்றைய கணக்கு துல்லியமாகத் தெரியும். கண்ணில் பட்டால் நின்று, திருப்பி, வந்த வழியே போய்விடுவது, படம் எடுக்க நிற்காமல். அந்த நேரத்தில் திரும்ப ஓடுவதற்கும் சார்ஜ் இருக்க வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆபத்து வேலி. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே நிலத்தைச் சுற்றித் திருட்டுத்தனமாகப் போட்டிருந்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. யானையையே சாய்த்த கரண்ட் அது. இருட்டில் குறுக்குவழி என்று யார் கொல்லையிலும் இறங்காதீர்கள்.

டயர், பஞ்சர் எல்லாம் எப்படி? மெக்கானிக் கிடைப்பாரா?

பஞ்சருக்கு யார் வேண்டுமானாலும் போதும். முன்சக்கரத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை, பின்சக்கரத்தில் மோட்டார் இருந்தால் கழற்றுமுன் ஒயரை விலக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சீமைக்கருவேல முள்தான் இந்தப் பக்கத்து முதல் எதிரி, டியூப்லெஸ் என்றால் திரிகுச்சி அடைப்பும் சின்ன பம்ப்பும் கையில் இருக்கட்டும். கரட்டில் காற்றை 20, 22 பி.எஸ்.ஐ-க்கு இறக்கினால் பிடி நன்றாக இருக்கும், தார் ஏறும்போது திரும்ப அடைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சார்ஜ் கூடுதலாகப் போகும். மோட்டார், அதற்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் என்றால் ஊர் மெக்கானிக் கைவைக்காமல் இருப்பதே நல்லது.

நடுவழில சார்ஜ் தீந்து நின்னா? சிக்னலும் இல்ல, ஆப்பும் ஓப்பன் ஆகலன்னா?

பெட்ரோல் என்றால் பாட்டிலில் வாங்கிவரலாம், இதில் அது முடியாது, உண்மை. 30 சதவீதத்துக்கு வந்ததும் மிகக் குறைந்த மோடில் 20, 25 வேகத்தில் பக்கத்து ஊரை நோக்கி உருட்டுவதுதான் வழி, ஐந்து சதவீதம் வரை காத்திருக்காதீர்கள். அப்படியும் நின்றுவிட்டால் இன்னொரு பைக்காரர் கால் கொடுத்துத் தள்ளிவரலாம், மெதுவாக, கொஞ்ச தூரத்துக்கு. கயிறு கட்டி வேகமாக இழுத்தால் சுற்றுகிற மோட்டார் தானே கரண்ட் செய்து கன்ட்ரோலரைப் பதம்பார்க்கலாம். தூரம் என்றால் குட்டி யானைதான்.

அஞ்செட்டிப் பள்ளங்களில் சிக்னல் போய்விடும். செல்போனில் மட்டும் திறக்கிற வண்டியை அங்கே கொண்டுபோவதே தப்பு, சாவியோ கார்டோ இருக்க வேண்டும். மேப்பை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். எந்த ஊர் வரை, எத்தனை மணிக்குள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மண்ணுல ஓட்டுனா வாரண்டி போயிடுமா?

பந்தயம், தவறான பயன்பாடு, தண்ணீர் புகுந்தது, பேட்டரியைத் திறந்தது, இந்த நாலும் பெரும்பாலான வாரண்டித் தாள்களில் விலக்காக இருக்கும். மண்ரோட்டில் போனதற்காக மறுக்கமாட்டார்கள், ஆனால் பேட்டரிப் பெட்டியில் கல்லடி இருந்தால் பேச்சு நீளும். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் வேகம், சூடு எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டிருக்கிறது, சர்வீஸில் "ரோட்ல தாங்க போனேன்" என்று சொல்வதில் பயன் இல்லை.

கோட்டூர் மலை மாதிரி ரோடு இல்லாத ஊருக்குச் சாமான் ஏத்த இது உதவுமா? கழுதைதான போகுது அங்க.

நல்ல கேள்வி, சுற்றுலாவைவிட இதைத்தான் யோசிக்க வேண்டும். பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களையே கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அந்த மாதிரிப் பாதையில் சுமை ஏற்றிய 150 கிலோ பைக் போகாது, படிக்கட்டு மாதிரிப் பாறையில் கழுதை வைக்கிற அடியைச் சக்கரம் வைக்காது. ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள டர்ட் பைக்கில் ஓட்டத் தெரிந்த ஓர் இளைஞர் பதினைந்து, இருபது கிலோ மருந்தோ ரேஷனோ கொண்டுபோகலாம், அதற்கு மேல் வைத்தால் முன்சக்கரம் தூக்கும். அந்த எடை வண்டிகளைப் பதிவு செய்ய முடியாது என்று முன்பே பார்த்தோம், பாதையும் காட்டு நிலம் வழியாகப் போனால் வனத்துறை அனுமதி வேண்டும்.

ஜீப் போகிற அளவுக்கு மண்பாதை இருக்கும் மலை ஊர் என்றால் கதை வேறு. அங்கே வீட்டிலேயே சார்ஜ், தினமும் பத்து, பதினைந்து கிலோமீட்டர், பெட்ரோல் பங்க் முப்பது கிலோமீட்டர் தள்ளி. கணக்குப் போட்டால் டவுனில் இருப்பவரைவிட அவருக்குத்தான் மின்சார பைக் லாபம். சுமை ஏற்றும்போது பின்னால் தொங்கவிடாமல் இரண்டு பக்கமும் தாழ்வாகக் கட்டச் சொல்லுங்கள், இறக்கத்தில் மேலே சொன்ன மாதிரி முழு சார்ஜோடு கிளம்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள், சுமையோடு இறங்கும்போது மோட்டாரின் பிடி இல்லாவிட்டால் பிரேக் மட்டுமே தாங்க வேண்டிவரும்.